வழி கேட்டால் சாதி சொல்ல வேண்டியிருக்கிறது

போன டிசம்பரில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் நான்கு பேர் பதினைந்து நாள் களப்பணிக்காக எங்கள் பகுதிக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர், கோவைப் பக்கம் ஒருவர், நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி. புதுக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் போன் பண்ணினார்கள். "அக்கா, என்ஹெச் 36ல நிக்கிறோம். இங்கருந்து எப்படி வரணும்?"

எனக்கே ஒரு நொடி புரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில்தான் போய் வருகிறேன். மஞ்சள் பட்டை அடித்த கிலோமீட்டர் கல்லில் 36 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்களுக்கு அது தஞ்சாவூர் ரோடு. "எதுத்தாப்ல டீக்கடை இருக்கும், ஊர் பேரைச் சொல்லிக் கேளுங்க, காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மதியம் நானே போய் அழைத்து வந்திருக்க வேண்டும்.

டீக்கடையில் நடந்ததை அன்று சாயங்காலம் அவர்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

"அண்ணே, இந்த ஊருக்கு எப்படிப் போகணும்?"

"இந்தா இந்த ரோடுதான். வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க. யாரு வீட்டுக்குப் போகணும்?"

என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை.

"எந்தத் தெரு?"

"தெரு தெரியலையே அண்ணே."

"ஊரா, காலனியா?"

சென்னைத் தங்கை சந்தோஷமாக "காலனிதான் அண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய வீடே ஒரு பேங்க் காலனியில் இருக்கிறது. காலனி என்றால் அவளுக்கு வாசலில் வேப்பமரமும் கேட்டில் வாட்ச்மேனும் உள்ள இடம்.

"அப்ப நேரா போ. கம்மாயத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பு."

மற்ற மூன்று பேருக்கும் இதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. நாகப்பட்டினத்துத் தம்பி மட்டும் இரவு சாப்பிட்டு முடித்து எல்லாரும் படுக்கப் போன பிறகு என்னிடம் வந்து சொன்னான். "அக்கா, அவரு மொதல்ல 'போங்க'ன்னாரு. காலனின்னதும் 'போ'ன்னாரு."

திட்டவில்லை, அடிக்கவில்லை, வழி தப்பாகவும் சொல்லவில்லை. ஒரு 'ங்க' குறைந்தது, அவ்வளவுதான். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை. ஆனால் அந்தத் தம்பிக்கு அது கேட்டது. டெல்டாவில் வளர்ந்த பிள்ளை, அதனால் கேட்கும்.

மறுநாள் காலை நாங்கள் பேச ஆரம்பித்ததே ரோடுகளைப் பற்றித்தான். முதலில் சிரிப்பாகத்தான் போனது. சென்னைப் பிள்ளைகளுக்கு ரோடு என்றாலே எழுத்துகள்: ஜிஎஸ்டி, ஓஎம்ஆர், இசிஆர். பழைய மாமல்லபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி பெயரும், இசிஆரின் ஒரு பகுதிக்குக் கலைஞர் பெயரும் வைத்தாகிவிட்டது. அண்ணா சாலை எப்போதோ அண்ணா சாலை ஆகிவிட்டது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் அவர்கள் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறார்களாம். கோவைத் தோழர் இட்டேரி என்றார். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகிற தடம், அதுதான் இட்டேரி. எங்கள் பக்கம் வேலியும் கிடையாது, அந்தச் சொல்லும் கிடையாது. வண்டிப்பாதை என்போம். எங்கள் கிழவிகளுக்குத் தார் போடுவதற்கு முன்பு இருந்தது கப்பி ரோடு. திருச்சியில் தில்லை நகருக்குப் போனால் ஏழாவது கிராஸ், எட்டாவது கிராஸ் என்பார்கள். மதுரையில் மாதத்தின் பெயரில் வீதி: ஆடி, சித்திரை, மாசி.

நான் எம்.ஏ. படித்தபோது யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி உடன் படித்தாள். அவர்களுக்கு நெடுஞ்சாலையே வீதிதான். ஏ9 வீதி, கண்டி வீதி, வீதி விபத்து. சின்னச் சந்து என்றால் ஒழுங்கை. அவள் "வீதியில நிண்டனான்" என்று சொன்னபோதெல்லாம் எனக்குக் கோயில் தேர்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் வீதி என்பது தேர் போகிற தெரு, ராஜா போகிற தெரு. புதுக்கோட்டை டவுனில் கீழ ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி என்று அரண்மனையைச் சுற்றி நான்கு. அதற்கு அடுத்தடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்டே போகும். 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி ஊரைக் கோடு போட்டது போலத் திருத்தினார் என்பது டவுன்காரர்களின் பெருமை. மேல மூன்றாம் வீதி என்று சொன்னால் அந்தச் சொல்லில் சாதி இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சமஸ்தானத் தலைநகரில் இப்படித் தெருவுக்கு எண் வைக்க முடிந்திருக்கிறது. கிராமத்துக்கு வந்தால் மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் இதே போல ஒரு வேடிக்கை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ஆட்கள் நெடுஞ்சாலை எண்ணுக்கு முன்னால் ஒரு 'தி' சேர்த்து 'தி 405', 'தி 10' என்பார்கள். அதே மாநிலத்தின் வடக்குப் பகுதியில் அப்படிச் சொல்வதில்லை. அதை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துக் கிண்டல் செய்வார்கள். அங்கே ரோட்டைச் சொல்கிற விதத்தில் ஊர் தெரிகிறது. இங்கே சாதி தெரிகிறது.

தமிழ்நாடு முழுக்க ரோட்டுக்குப் பெயர் வைப்பதில் மக்களிடம் ஒரே ஒரு விதிதான். எங்கே போகிறதோ அதுதான் பெயர். புதுக்கோட்டையில் திருச்சி ரோடு என்பது திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் புதுக்கோட்டை ரோடு ஆகிவிடும். ஒரே தார், இரண்டு பெயர். அரசாங்கம் வைத்த எண் நிலைப்பதில்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி வழியாக ராமநாதபுரம் போகிற ரோடு முன்பு என்ஹெச் 210. 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது அது துண்டாகி, திருச்சி - புதுக்கோட்டை 336 ஆனது, திருமயத்துக்குத் தெற்கே 536 ஆனது. தஞ்சாவூர் ரோடு 226 ஆக இருந்தது 36 ஆனது. ரோட்டோரம் குடியிருப்பவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. திருச்சி ரோடு திருச்சிக்குத்தானே இன்னும் போகிறது?

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்குதான் நான் பார்த்தது. எங்கள் குடியிருப்புக்கு வருகிற ரோடு.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் போகிற ரோட்டுக்கு ஊரின் பெயர் இருக்கிறது. ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற ரோட்டுக்குப் பக்கத்து ஊரின் பெயர். கோயிலுக்குப் போவது கோயில் ரோடு, ஸ்கூலுக்குப் போவது ஸ்கூல் ரோடு. ஊரிலிருந்து எங்களிடம் வருகிற முக்கால் கிலோமீட்டர் மட்டும் காலனி ரோடு. நாங்கள் இல்லாதபோது அவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடியிருப்புக்கு என்று ஒரு பெயர் உண்டு. அங்கே நிற்கும் ஒரு மரத்தை வைத்து எங்கள் முன்னோர் வைத்த பெயர், நாங்கள் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பெயர். அது எங்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

ஊர் என்ற சொல்லையே கவனியுங்கள். டீக்கடைக்காரர் "ஊரா, காலனியா" என்று கேட்டபோது, காலனி ஊரில் சேர்த்தி இல்லை என்பதையும் சொல்லிவிட்டார். இது அவர் கண்டுபிடித்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், வரி கட்டத் தேவையில்லை என்று கழித்த நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக, சுடுகாடு தனியாக வருகின்றன. ஆயிரம் வருடக் கணக்கு அது. ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட தஞ்சைக் கிராம ஆய்வை வகுப்பில் படித்தபோது, அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று அவர் பிரித்ததைப் பேராசிரியர் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினார். எங்கள் ஊர்ப் பிள்ளை யாரைக் கேட்டிருந்தாலும் தரையில் குச்சியால் வரைந்து காட்டியிருக்கும்.

அதனால்தான் "எந்தத் தெரு" என்பது சென்னையில் முகவரி கேட்பது, எங்கள் பக்கத்தில் சாதி கேட்பது. சேலம் பக்கம் போனால் "எந்த வளவு" என்று கேட்கலாம். சொல் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. புதிதாகக் களப்பணிக்குப் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஒன்றுமில்லாத சொல், அடுத்த மாவட்டத்தில் ஒருவரின் தலையில் அடிக்கிற சொல்லாக இருக்கும். காலனியே அதற்குச் சாட்சி. ரயில்வே காலனி, எல்ஐசி காலனி, போஸ்டல் காலனி என்று நகரத்தில் அது உத்தியோகத்தின் அடையாளம். கிராமத்தில் ஆதிதிராவிடர்களுக்கு இடம் ஒதுக்கி வீடு கட்டிக்கொடுத்த அரசாங்கம், நல்லெண்ணத்தில்தானோ என்னவோ, அதே சொல்லைக் கொண்டுவந்து எங்கள் மேல் ஒட்டியது. சேரி என்ற சொல் கூச்சமாக இருந்தவர்களுக்குக் காலனி வசதியாகப் போய்விட்டது.

எங்கள் அப்பத்தா பற்றிச் சொல்ல வேண்டும். இறந்து ஆறு வருடமாகிறது. புதுக்கோட்டையைச் சுற்றித் திருச்சி ரோட்டையும் காரைக்குடி ரோட்டையும் இணைத்து பைபாஸ் போட்ட புதிதில், ஒரு கல்யாணத்துக்கு வேனில் அந்த வழியாகப் போனோம். டவுன் வரவே இல்லையே என்று கேட்டது. "இது பைபாஸ் அப்பத்தா" என்றேன். அப்படின்னா? "ஊருக்குள்ள போகாம ஊரைச் சுத்திப் போற ரோடு."

"இதத்தான் இப்பக் கண்டுபுடிச்சிருக்காகளாக்கும்?" என்றது அப்பத்தா. "நாங்க அதுலதானடி காலம்பூரா நடந்தோம்."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒருநாள் அதைக் கூட்டிக்கொண்டு போய் எந்த வழி என்று கேட்டேன். குடியிருப்பிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஊர்த் தெரு வழியாகப் போனால் கால்மணி நேரம். அதில் போகக் கூடாது. கம்மாய்க் கரையில் ஏறி, கலுங்கைத் தாண்டி, கருவக்காட்டைச் சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். சுத்துப்பாதை என்று பெயர். பிரசவ வலி எடுத்தவர்களைக் கட்டிலில் வைத்து அந்தக் கலுங்கு வழியாகத்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். மழைக்காலத்தில் கலுங்கில் தண்ணீர் போனால் போக முடியாது.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய ரோட்டில் நடக்கும் உரிமைக்காக சத்தியாகிரகம் நடந்தது, பெரியார் சிறை போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது அரசாணையாகவும் வந்தது. இன்றைய மாணவர்கள் பலருக்கு வைக்கம் தெரிந்த அளவுக்கு இது தெரிவதில்லை என்பது என் வருத்தம். நடந்து போவதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். அப்படி வந்த ஆணையும் சென்னை மாகாணத்துக்குத்தான். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். எங்கள் தாத்தாவின் இளமைக் காலம் முழுவதும் அந்த ஆணை எல்லைக்கு அப்பாலேயே நின்றது. பிறகு அரசியலமைப்பு வந்தது. 15ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறையோடு சாலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. சும்மா எழுதவில்லை அதை.

என் அம்மா 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றவர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இந்த மாவட்டத்தில் ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை நாடு முழுக்கப் பேசப்பட்டது. சாய்நாத் அதை எழுதினார். எல்லாம் உண்மை. அம்மா அதில் சேர்க்கிற வரி ஒன்று உண்டு. தஞ்சாவூர் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வருவார்களாம், பயமில்லை. ஊர்த் தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார்களாம். உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறுவார்களாம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எண் போட்ட ரோட்டில் அம்மா யாரோ ஒரு பெண். பெயர் உள்ள தெருவில் அம்மா யார் என்று எல்லாருக்கும் தெரியும். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில், பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். இதெல்லாமா சட்டத்தில் எழுதுவார்கள் என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.

சரி, இப்போது தார் ரோடு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 'இணைக்கப்படாத குடியிருப்பு' என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. சமவெளியில், எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்தோ ஏற்கெனவே சாலை உள்ள ஊரிலிருந்தோ 500 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால்தான் அது இணைக்கப்படாத குடியிருப்பு. 500 மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஊராக எண்ணுவார்கள். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சேரி என்பதே ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி வைக்கப்பட்டது. அந்தக் கூப்பிடு தூரம் பல இடங்களில் 300, 400 மீட்டர்தான். ஊர் வரை தார் வந்தால் சேரியும் இணைக்கப்பட்டதாகக் கணக்கு. எங்கள் குடியிருப்பு முக்கால் கிலோமீட்டர் என்பதால் தப்பித்தது. பக்கத்துக் குடியிருப்பு 400 மீட்டர். அவர்கள் இன்னும் மழைக்குச் செருப்பைக் கையில் பிடிக்கிறார்கள். தள்ளி வைத்தபோது அவர்கள் ஊர் இல்லை, ரோடு எண்ணும்போது மட்டும் ஊர்.

பெயர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்பு, இரவு இரண்டு மணி, எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கைக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது அவளுடைய கணவன். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இளைஞர்கள் சேர்ந்து குடியிருப்பின் முகப்பில் அம்பேத்கர் நகர் என்று பலகை வைத்திருந்தோம். அந்தப் பெருமையில் அவன் அம்பேத்கர் நகர் என்றே சொன்னான். எங்கள் ஒன்றியத்தில் எத்தனை அம்பேத்கர் நகர் என்று எண்ணிப் பாருங்கள்! வண்டி மெயின் ரோட்டில் வந்து நின்றது. டிரைவர் வெளியூர்க்காரர், பாவம். விழித்திருந்த ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். அம்பேத்கர் நகரா, அப்படி எதுவும் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருந்தார்களா என்பதை நான் இன்றுவரை யோசிக்கிறேன். போனில் டிரைவர் திரும்பத் திரும்ப வழி கேட்க, கடைசியில் அந்தப் பையன் கத்தினான். "காலனி அண்ணே! காலனின்னு கேளுங்க! காலனி ரோடு எதுன்னு கேளுங்க!"

கேட்டார். உடனே கை காட்டினார்கள். வண்டி வந்து சேர்ந்தபோது குழந்தை பாதி வழியில் பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு அந்தச் சொல்லைக் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. பலகையை எழுதியதே அவன்தான்.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அக்டோபரில் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. நான் இதை வரவேற்கிறேன், தயக்கமில்லாமல். எம்.ஜி.ஆர். காலத்திலேயே தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுத்தார்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய பட்டங்களை எடுத்தது. இது எங்கள் மேல் ஒட்டியதை எடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

வரவேற்றுவிட்டுச் சில கேள்விகளும் கேட்கிறேன். மாற்றுப் பெயராகத் தலைவர்கள், புலவர்கள், பூக்கள் என்று பட்டியல் பேசப்பட்டது. எங்கள் பகுதிக் கூட்டத்தில் ஓர் அலுவலர் மல்லிகை நகர் என்று வைக்கலாமே என்றார். ஒரு மாமா எழுந்து, "நாத்து நடுறப்பவும் பொணம் எரிக்கிறப்பவும் நாங்க வேணும், பேரு மட்டும் மல்லிகையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பெயர் அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலை நினைத்துப் பார்க்கட்டும். எவ்வளவு அழகான பெயர். அதில் சேரியும் இல்லை, காலனியும் இல்லை. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அந்தப் பெயர் தடுக்கவில்லை.

அம்பேத்கர் நகர் என்று வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நமக்குள் நேர்மையாகப் பேச வேண்டும். பலகையைப் பார்த்ததும் சாதி தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் பெயர் வைத்த தெருக்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலேயே இருக்கின்றன. நாடு முழுமைக்கும் உரிய தலைவரை நம் தெருவுக்குள் அடைத்துவிட்டார்கள். ஊர்த் தெருவுக்கு, டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு, நெடுஞ்சாலைக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறுவதைவிட யார் பெயரும் வேண்டாம் என்று முடிந்தது அது.

என் கருத்து எளிமையானது. தமிழ்நாட்டு மக்கள் ரோட்டுக்கு வைத்திருக்கிற அந்த ஒரே விதியை எங்களுக்கும் பொருத்துங்கள். எங்கே போகிறதோ அதுதான் பெயர். எங்கள் குடியிருப்புக்கு நாங்கள் வைத்த மரத்தின் பெயர் இருக்கிறது. அந்த ரோட்டுக்கும் அதே பெயரை வையுங்கள், மெயின் ரோட்டில் திரும்புகிற இடத்தில் பலகை நடுங்கள், பஸ் நிறுத்தத்தில் எழுதுங்கள், ரேஷன் கார்டில் போடுங்கள். பத்து வருடம் சொல்லிச் சொல்லித்தான் வாய்க்கு வரும். ஆம்புலன்ஸ் டிரைவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

இதை ஊராட்சியில் எழுதிக் கொடுப்பதற்காகத்தான் அந்த நான்கு மாணவர்களோடும் குடியிருப்புப் பெண்களோடும் உட்கார்ந்து வரைபடம் போட்டோம். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஊராட்சித் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். அவருக்கு ஊர் தெரியாது, வரைபடம் இருந்தால்தான் பேச முடியும். சமுதாயக்கூட வாசலில் கோலப்பொடியால் பெண்கள் வரைந்தார்கள். தஞ்சாவூர் ரோட்டைச் செங்கல் பொடியில் தடிமனாகப் போட்டார்கள். ஊர்த் தெரு, கம்மாய், கலுங்கு, அப்பத்தா நடந்த சுத்துப்பாதை, ரேஷன் கடை, டேங்க், சுடுகாட்டுப் பாதை எல்லாம் வந்தது. ஒவ்வொரு பாதைக்கும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கோவைத் தோழர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. முடிந்தது என்று எல்லாரும் கைதட்டினோம்.

நாகப்பட்டினத்துத் தம்பி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, கம்மாய்க்குப் பின்னாடி ரெண்டு வீடு இருக்கே. நேத்து நடந்து போறப்பப் பாத்தேன். அதுக்குப் போற பாதை இதுல இல்லையே?"

ஒருவரும் பேசவில்லை. அது புதிரை வண்ணார் வீடுகள். எங்களுக்குத் துணி வெளுத்தவர்கள், எங்கள் சாவுக்கும் சடங்குக்கும் வந்தவர்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வாய்க்கால் வரப்பில் ஒரு ஒத்தையடிப் பாதை.

"அது ரோடு இல்லப்பா" என்றார் ஒரு சித்தி.

"சுத்துப்பாதையும் ரோடு இல்லையே அத்தை. அதைப் போட்டிருக்கீங்களே" என்றான் அவன்.

முப்பத்தைந்து வருடம் அந்தக் குடியிருப்பில் வாழ்ந்திருக்கிறேன், சமூகவியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். அந்த வரைபடத்தை ஆரம்பம் முதல் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பாதைக்கு நாங்கள் என்ன பெயர் சொல்கிறோம் என்று மனதுக்குள் தேடினேன். "அங்கிட்டு" என்றுதான் சொல்கிறோம். அங்கிட்டுப் போய்ட்டு வா, அங்கிட்டு இருந்து ஆள் வந்திருக்கு. டீக்கடைக்காரருக்குக் காலனி என்ற ஒரு சொல்லாவது இருந்தது.

மறுநாள் காலை நானும் அந்தத் தம்பியும் அந்த வீட்டுக்குப் போனோம். அங்கே இருக்கிற அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பாதைக்குப் பெயர் கேட்டதும் சிரித்தார். "பேரா? எனக்கு அது வீட்டுக்கு வர்ற வழி. ஒங்களுக்கு என்னன்னு நீதான் சொல்லணும்." எனக்குப் பதில் வரவில்லை. ரோடு போடச் சொல்லி மனு எழுதலாமா என்றேன். எழுது, மழை பெய்தால் வரப்பு வழுக்குகிறது, போன ஐப்பசியில் விழுந்து இடுப்பு வலி இன்னும் போகவில்லை என்றார்.

டேப் வைத்து அளந்தோம், 180 மீட்டர். ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் 'சாலையின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த அம்மாவிடம் திரும்பப் போய்க் கேட்டோம். வாசலில் நிற்கிற புங்கமரத்தைக் காட்டி, அதையே போடச் சொன்னார். புங்கமரத்து ரோடு என்று எழுதி ஜனவரி இரண்டாவது வாரம் கொடுத்திருக்கிறோம். எங்கள் குடியிருப்பின் பெயர் மாற்ற மனுவும் அதோடு சேர்த்துத்தான் கொடுத்தது. ரசீது இரண்டுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன்.